ஏழு புள்ளி எட்டு

ஓஸ்ட்ராவாவில் கடல் கிடையாது.
மூடிய சுரங்கங்கள் உண்டு. கரிமேடு ஒன்று உண்டு,
ஊரே வெளுத்தாலும் அதன் உச்சியில் மட்டும்
பனி தங்காது. உள்ளே இன்னும் கனல்கிறது என்பார்கள்.
கடல்
ஆறாவது மாடியில், பிளாஷெனாவின் கூடத்தில்,
நானூறு லிட்டர்.

இரண்டு பெட்டியும் ஒரு ஸ்பானர் உறையுமாய்
அக்டோபரில் குடிவந்தேன்.
டிராம் பணிமனையில் எனக்கு பிரேக் வேலை.
பதினோராம் நாள் அவள் சொன்னாள்
(குறையாக இல்லை, கருவியைப் படித்து):
"நீ வந்தபின் பி.எச். இறங்கிவிட்டது, ராடிம்.
எட்டு புள்ளி ஒன்று இருந்தது.
இப்போது ஏழு புள்ளி எட்டு."

நான் எதையும் தொடவில்லை என்றேன்.
"மூச்சு விடுகிறாயே" என்றாள்.

குளிருக்கு அடைத்த ஜன்னல்கள்.
போக வழியற்ற என் மூச்சு
நீருக்குள் இறங்கி நீரைப் புளிக்க வைக்கிறதாம்.
நாற்பத்து நான்கு வருடம் விட்ட மூச்சை
அதுவரை யாரும் அளந்ததில்லை.

பகலில் டயாலிசிஸ் வார்டில்
பிறர் ரத்தத்தின் உப்பைப் பார்ப்பவள்
இரவில் சோதனைக் குப்பியோடு குந்தியிருப்பாள்.
சொட்டு, குலுக்கு, சொட்டு, குலுக்கு.
நீலம் சட்டென்று ரோஜா நிறமாகும் அந்தச் சொட்டில்
என்னைப் பேசவிடமாட்டாள்.
பச்சை அட்டை நோட்டில்
கால்சியம் நானூற்று இருபது,
மெக்னீசியம் ஆயிரத்து முந்நூற்றைம்பது,
அதற்கடுத்த வரியில்
'ராடிம், இரவு முழுவதும்'.

ஜனவரியில் ஏழு புள்ளி ஆறு.
அவளுக்குப் பொறுமை போயிற்று.
பொறுமையை மாதச் சம்பளத்துக்கு விற்பவள்தான்,
ஆனாலும் போயிற்று.
சோடா உப்பைக் கரைத்து ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள்.
ஒரே இரவில் காரத்தன்மை
ஏழிலிருந்து பதினொன்று.
நைட்ரேட்டோ பூஜ்யம். பசியோடிருந்த நீர்.

மூன்றாம் நாள்
அக்ரோபோராவின் விரல்நுனிகள் வெந்து வெளுத்தன.
ஐந்தாம் நாள் அடியிலிருந்து தோல் உரிந்து
ஈரத் திசுப்பேப்பர்போல மிதந்தது.
தரையில் உட்கார்ந்து சொன்னாள்:
"ஒரு நோயாளிக்கு இதைச் செய்திருந்தால்
என் சீருடையைக் கழற்றியிருப்பார்கள்."

நான் பணிமனையில் படுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
இரண்டு இரவு
பதினேழாம் எண் டிராமின் பின்னிருக்கையில்,
என் மூச்சு கண்ணாடியில் பனியாய் ஒட்டுவதைப்
பார்த்துக் கிடந்தேன்.

அந்த இரண்டு நாளின் வரி இன்றும் நோட்டில் இருக்கிறது:
'ராடிம் இல்லை. எட்டு. உரிவது நிற்கவில்லை.'

மூன்றாம் நாள் போன் செய்தாள்.
வருகையில் டிரில்லைக் கொண்டுவா என்றாள்.

காற்றுக்குழாய் எனக்குத் தெரிந்த விஷயம்,
டிராம் பிரேக்கே காற்றில்தானே பிடிக்கிறது.
ஜன்னல் சட்டத்தில் விரலளவு துளை போட்டேன்.
இப்போது நுரைக் கருவி தெருவிலிருந்து மூச்சிழுக்கிறது,
மைனஸ் ஒன்பது டிகிரியில்,
பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வாடையோடு.

காரத்தை அவள் நாளுக்கு அரை டிகிரியாய் இறக்கினாள்,
கண்ணாடிப் படியில் நடப்பவள்போல.
மீன்களுக்கு ஒருவேளைத் தீனி கூட்டினாள்;
கொஞ்சம் அழுக்கு வேண்டியிருக்கிறதாம் பவளத்துக்கு.
எலும்பு வெட்டும் குறட்டால்
மிஞ்சிய உயிரை நறுக்கிக் கல்லில் ஒட்டினோம்.
பசை அவள் விரலிலும் என் விரலிலும்.
பதினான்கு துண்டுகளில் ஒன்பது போயின.
ஐந்தில் ஒன்றுக்கு நுனியில்
ஊதா மாதிரி ஏதோ.
ஊதாதானா என்று இன்னும் சண்டை.

நேற்று அவள் குளிக்கப் போனபோது நோட்டைப் புரட்டினேன்.

'மார்ச் பத்தொன்பது. எட்டு புள்ளி பூஜ்யம் ஐந்து.
ராடிம் வீட்டில்.
குறட்டை.'